மத்தும பண்டாரவின் அண்ணன்

கண்டி தலதா மாளிகையைக் கடந்து போகிற எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்லிவிடும். 1814இல், அதிகாரம் பதவியிலிருந்த எஹலப்பொல பிரிட்டிஷாரோடு சேர்ந்துகொண்டார் என்பதற்காக அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவருடைய மனைவி மக்களுக்கு மரண தண்டனை விதித்தான். மூத்தவன் லொக்கு பண்டாரவுக்கு அப்போது பதினொரு வயது என்பார்கள். அலுகோசைக் கண்டதும் அவன் தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வயதுத் தம்பி மத்தும பண்டார முன்னால் வந்தான். பயப்பட வேண்டாம், எப்படிச் சாவதென்று தான் காட்டுவதாக அண்ணனுக்குச் சொல்லிவிட்டுக் கழுத்தைக் கொடுத்தான்.

பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் இதை எழுதிவைத்தார். பிறகு பாடப்புத்தகம், மேடை நாடகம், சினிமா என்று தம்பியின் புகழ் வளர்ந்தது. கண்டியில் அவனுக்குச் சிலையும் உண்டு. அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. நமக்குக் கிடைத்த வடிவங்களில் அவனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

இளம் வாசகர்களுக்காக எழுதப்படும் சாகசக் கதைகளின் வரலாற்றை இந்த இரண்டு சகோதரர்களை வைத்தே சொல்லிவிடலாம். நீண்ட காலமாக எழுத்தாளர்கள் தம்பியைத்தான் எழுதினார்கள். பயம் தெரியாதவன், பசிக்காதவன், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாதவன். அண்ணனைப் போன்ற பிள்ளை, அதாவது உடம்பும் மனமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத, வீட்டுக்கும் வெளிக்கும் நடுவே நிற்கிற பிள்ளை, கதைக்குள் வர வெகுநாள் எடுத்தது. கட்டிளமைப் பருவம் என்று இலங்கைப் பாடப்புத்தகங்கள் பெயரிட்டிருக்கும் அந்த வயதின் குழப்பங்களை வைத்துக்கொண்டே சாகசம் எழுத முடியுமா என்பதுதான் இந்தத் துறையின் பழைய கேள்வி. அதற்கான விடைகளில் பல, கண்டி மலைகளைச் சுற்றியே கிடக்கின்றன.

கப்பலுக்குப் போய்த் திரும்பி வந்தவன்

உலகின் மிகப் புகழ்பெற்ற சாகச நாவல்களில் ஒன்றுக்குக் கண்டி இராச்சியத்தில் ஒரு வேர் இருக்கிறது. ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கப்பல் தலைவன் ரொபர்ட் நொக்ஸையும் அதே பெயர் கொண்ட மகனையும் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். மகனுக்கு வயது பத்தொன்பது.

கரையில் நடந்த ஒரு சம்பவம் எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடியது. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லும் செய்தியோடு மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். கப்பல் ஏறியவன் அங்கேயே இருந்துவிட்டிருக்கலாம். கரையில் தகப்பன் பிணையாக இருந்தார். திரும்பி வருவதாகக் கொடுத்த வாக்குப்படி அவன் திரும்பி வந்தான். கப்பல் போய்விட்டது. அவனுடைய சிறைவாசம் ஏறக்குறைய இருபது வருடம் நீண்டது.

அடுத்த ஆண்டே இருவரையும் காய்ச்சல் பிடித்தது. தகப்பன் இறந்தார். புதைக்க உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்து, உடலைக் காட்டுக்குள் இழுத்துப் போகச் சொன்னார்கள். காய்ச்சலில் தள்ளாடிக்கொண்டிருந்த மகன் அதை மறுத்து, கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, தன்னோடிருந்த பையனையும் சேர்த்துக்கொண்டு தகப்பனை முறையாக அடக்கம் செய்தான். அதற்குப் பிறகு அவன் செய்த காரியங்கள் எதிலும் வாள் கிடையாது. தொப்பி பின்னி விற்றான். நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். கண்டிக்கு அருகே எலதெத்தவில் நிலம் வாங்கி வீடு கட்டினான். ஊர் ஊராகச் சாமான் விற்கிற சாக்கில் வடக்குப் பாதைகளை மனப்பாடம் செய்தான். 1679 ஒக்டோபரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு அநுராதபுரக் காடுகளைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான்.

1681இல் இலண்டனில் வெளியான அவனுடைய நூலை டானியல் டிபோ படித்திருந்தார். 1720இல் எழுதிய ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் கதையைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதற்கு முந்திய ஆண்டு வெளியான ‘ரொபின்சன் குரூசோ’வின் மூலங்களில் ஒன்றாகவும் நொக்ஸின் நூலை ஆய்வாளர்கள் குறிப்பிடுவார்கள். குரூசோவும் பதினெட்டு வயது தாண்டியதும்தான் கப்பலேறுகிறான், ஆனால் தகப்பன் சொல்லைத் தட்டிவிட்டு. தகப்பனுக்காகத் திரும்பி வந்த பையனின் அனுபவத்திலிருந்து, தகப்பனை உதறிவிட்டுப் போன பையனின் கதை பிறந்தது என்று சொன்னால் தவறில்லை. பின்வந்த இருநூறு வருடச் சாகச நாவல்கள் குரூசோவின் வழியைப் பிடித்துக்கொண்டன. பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே கதையை விட்டு அனுப்பிவிடுவது அவற்றின் வழக்கமாயிற்று. அப்பா அம்மா இருந்தால் சாகசம் நடக்காது என்ற நம்பிக்கை எனிட் பிளைட்டனின் ‘ஐவர்’ கதைகள் வரை வந்தது.

தேங்காய் தெரியாத எழுத்தாளர்

ஸ்கொட்லாந்து எழுத்தாளர் ஆர். எம். பலன்டைன் 1857இல் எழுதிய ‘பவளத்தீவு’ இந்த வழியின் கொடுமுடி. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கும் மூன்று பையன்கள். மூத்தவனுக்குப் பதினெட்டு வயது, கதை சொல்பவனுக்குப் பதினைந்து. அவர்களுக்குள் ஒரு நாளும் கோபம் வராது. பலன்டைன் பவளத்தீவைக் கண்ணால் கண்டதில்லை. மரத்திலிருந்த தேங்காயை அவர் வர்ணித்த விதம், மட்டை உரித்துக் கடைக்கு வரும் தேங்காயை மட்டுமே பார்த்தவருடையது. பிழை தெரிந்தபின் நேரில் பார்த்த இடங்களைத்தான் எழுதுவதென்று தீர்மானித்துக்கொண்டார். குரும்பைக்கும் முட்டுக்காய்க்கும் வித்தியாசம் தெரிந்த இலங்கைப் பிள்ளை அந்த நாவலை முதல் தேங்காயிலேயே மூடி வைத்திருக்கும்.

ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1954இல், வில்லியம் கோல்டிங் அதே தீவை, அதே ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களை எடுத்து ‘ஈக்களின் தலைவன்’ நாவலை எழுதினார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். பையன்களை அன்றாடம் வகுப்பில் பார்த்தவர். அவருடைய தீவில் ஆஸ்துமா இருக்கிறது, வயிற்றோட்டம் இருக்கிறது, இரவில் அழும் சிறுவர்கள் இருக்கிறார்கள். அவருக்கும் ஒரு தேங்காய் இருந்தது: கிட்டப்பார்வைக்காரப் பையனின் மூக்குக் கண்ணாடியை வைத்துச் சூரிய ஒளியில் தீ மூட்டுகிறார்கள். கிட்டப்பார்வைக்குப் போடும் குழிவில்லை ஒளியைச் சிதறடிக்குமே தவிரக் குவிக்காது. பௌதிகம் தவறினாலும் பிள்ளைகள் தவறவில்லை. வாசகர்கள் இன்றுவரை அவரை மன்னித்துவருகிறார்கள்.

1876இல் மார்க் ட்வெய்ன் டொம் சோயரையும் 1884இல் ஹக்கிள்பெரி ஃபின்னையும் படைத்தபோதே இந்தத் திருப்பம் தொடங்கிவிட்டது. ஹக்கின் மிகப் பெரிய சாகசம், தப்பியோடும் அடிமையைக் காட்டிக் கொடுப்பதா இல்லையா என்று தனக்குள் நடத்தும் சண்டை. வெளியே ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. கதை உள்ளே நடக்கிறது. வங்காளத்தில் சத்யஜித் ராய் 1965இல் தொடங்கிய ஃபெலூடா கதைகளில், துப்பறிபவரின் கூடவே போகிற தொப்ஷே என்ற பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்தான் கதையைச் சொல்கிறான். பாதி நேரம் அவனுக்கு ஒன்றும் புரிவதில்லை. அந்தப் புரியாமையில்தான் வாசிக்கிற பிள்ளை தன்னைக் காண்கிறது.

கொக்கலை வாவியும் கண்டி வளவ்வவும்

இலங்கையில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் முழுமையான விடை, மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய ‘மடொல் தூவ’. சிங்கள நாவல், தமிழிலும் வந்திருக்கிறது, 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார். தாயை இழந்த உபாலி, சின்னம்மாவின் கண்டிப்பில் வளர்பவன். வீட்டில் வேலைக்கு நிற்கும் ஜின்னா அவனுடைய கூட்டாளி. ஊரில் குறும்பு முற்றி, இருவரும் ஓடிப்போய், கடைசியில் கொக்கலை வாவியிலுள்ள ஆளில்லாத தீவொன்றில் குடியேறுகிறார்கள்.

மேற்கின் தீவுக் கதைகளைப் படித்தவர் புதையலை எதிர்பார்ப்பார். விக்கிரமசிங்க அவர்களுக்கு மண்வெட்டியைக் கொடுக்கிறார். காடு வெட்டி, கிழங்கும் மரக்கறியும் நட்டு, விற்றுப் பிழைக்கிறார்கள். தீவில் இரவில் தெரிந்த பேய் வெளிச்சத்தைத் துரத்திப் போனால், அதன் பின்னால் ஒளிந்து வாழும் ஒரு மனிதன் இருக்கிறான். தகப்பன் நோயுற்ற செய்தி வந்ததும் உபாலி வீட்டுக்குப் போகிறான். ஒரு காலத்தில் வெறுத்த சின்னம்மாவின் பாரத்தையும் தோளில் ஏற்றுக்கொள்கிறான். நொக்ஸ் கப்பலிலிருந்து திரும்பிய வழியில்தான் உபாலியும் திரும்புகிறான். முதலாளி வீட்டுப் பையனுக்கும் வேலைக்காரப் பையனுக்கும் இடையிலான தூரம் தீவிலும் முழுதாக மறைவதில்லை என்பதை நாவல் மூடி மறைக்கவும் இல்லை.

அந்தத் தூரத்தையே கதையாக்கியவர் கண்டிப் பக்கத்துக்காரர். ஹத்தரலியத்தவில் 1913இல் பிறந்த ரி. பி. இலங்கரத்ன, அரசாங்க எழுதுவினைஞர் சங்கத் தலைவராக இருந்து, 1947 வேலைநிறுத்தத்தால் வேலையிழந்தவர், மறு ஆண்டு கண்டித் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர், பிறகு அமைச்சரானவர். 1957இல் அவர் எழுதிய ‘அம்ப யாலுவோ’ மலைநாட்டுக் கிராமமொன்றின் வளவ்வப் பையனுக்கும், அதாவது பிரபு வீட்டுப் பையனுக்கும், ஏழைப் பையனுக்கும் இடையிலான நட்பு. கடல் இல்லை, தீவு இல்லை. கண்டிய சமூகத்தில் வளவ்வவின் முற்றத்தை எந்தப் பிள்ளை எதுவரை மிதிக்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. வேலியைத் தாண்டுவதே அங்கே கடல் கடப்பதற்குச் சமம். சாதியும் வர்க்கமும் சிறுவர்களின் விளையாட்டுக்குள் எப்படிப் புகுகின்றன என்பதைப் பிரசங்கமில்லாமல் சொன்னதாலேயே, சிங்கள வாசகர்கள் மூன்று தலைமுறையாக அந்தப் பையன்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போலப் பேசிக்கொள்கிறார்கள்.

எழுதப்படாத நடை

கண்டி மலைகளுக்கு வந்த இன்னொரு பதின்வயதுக்காரன் ஜேம்ஸ் டெய்லர். ஸ்கொட்லாந்திலிருந்து 1851இல் கப்பலேறியபோது வயது பதினாறு. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டு இலங்கையின் தேயிலைக் கைத்தொழிலைத் தொடக்கிவைத்தவர். அவருடைய கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்ப் பிள்ளைகளிலும் பதினாறு வயதுக்காரர்கள் இருந்தார்கள். தண்ணீரில்லாத பாதை, கொலரா, வழியிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்த உடல்கள். சாகச நாவலுக்கு வேண்டிய அத்தனையும் அந்த நடையில் இருந்தன, எழுதுகிறவனைத் தவிர. அந்தக் குரல்களில் மிஞ்சியவை நாட்டார் பாடல்களில் கிடக்கின்றன, சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைச் சேகரித்துத் தந்தார்.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதியின் மகள் வெள்ளைச்சி இலங்கைத் தோட்டத்திலேயே வளர்ந்து பெரியவளாகிறாள். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ கடல்கடந்து வந்தவர்களின் வாழ்வை நாவலாக்கியது. தெளிவத்தை ஜோசப், என். எஸ். எம். ராமையா, ‘குருதிமலை’ தந்த தி. ஞானசேகரன் ஆகியோரின் எழுத்தில் லயத்துப் பிள்ளைகள் உயிரோடு வருகிறார்கள். ஆனால் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கதைகளில், பெரியவர்களின் துயரத்துக்குச் சாட்சியாக வருகிறார்கள். பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போகாமல் தப்பி ஓடிய பையன் அந்த ஒரு நாள் முழுதும் என்ன செய்தான் என்று அவனோடு கூடவே ஓடிப் பார்க்கிற கதைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

மகாவலிக்கு மேலே ஒரு கயிற்றுப் பாலம்

1983 ஏப்ரல் 18ஆம் திகதி கண்டியில் ஒரு படப்பிடிப்பு தொடங்கியது. ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாவது படம். கதை இந்தியாவில் நடக்கிறது. திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசாங்கத்தோடு இணக்கம் ஏற்படாததால் குழு கண்டிக்கு வந்தது. படத்தின் இந்தியக் கிராமவாசிகள் பேசுவது சிங்களம். கிராமப் பெரியவராக நடித்த டி. ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் கமராவுக்குப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். கடைசிச் சண்டைக்கான கயிற்றுப் பாலத்தை, பக்கத்தில் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த கம்பனியின் பொறியியலாளர்கள் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்தப் படத்தில் ‘ஷோர்ட் ரவுண்ட்’ என்றொரு பையன். வில்லன்கள் துரத்த, சாங்காய் நகர வீதிகளில் கார் ஓட்டுகிறான். கால் பெடலுக்கு எட்டாது. சப்பாத்தின் அடியில் கட்டை கட்டியிருக்கிறான். கார் ஓட்டும் சிறுவன் என்பது நம்ப முடியாத கற்பனை. கட்டை கட்டிய சப்பாத்து அதை நம்ப வைக்கிறது. உடம்பின் அளவை மறக்காததுதான் யதார்த்தத்தின் முதல் படி என்பதற்கு, யதார்த்தத்தைப் பற்றிக் கவலையே படாத ஒரு படத்திலிருந்து கிடைக்கும் உதாரணம் இது.

அந்தப் பாத்திரத்தில் நடித்த கீ ஹுய் குவான் 1971இல் சைகோனில் பிறந்தவர். ஏழு வயதுவாக்கில் வியட்நாமிலிருந்து தப்பி, ஹொங்கொங் அகதி முகாமில் இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். கண்டியில் கமராவுக்கு முன்னால் பொய்யான ஆபத்துகளில் ஓடிய சிறுவன், உண்மையான ஆபத்தொன்றைத் தாண்டி வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. படப்பிடிப்புக் குழு போய்ச் சிறிது காலத்தில் தமிழருக்கு எதிரான யூலை 83 வன்முறை வந்தது. கண்டியிலும் கடைகள் எரிந்தன.

வீட்டைவிட்டுப் போன பொடியன்கள்

இலங்கையில் சாகசக் கதை எழுத உட்காருகிற எவருக்கும் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ‘பொடியன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்’ என்ற வாக்கியம் இங்கிலாந்தில் கதையின் உற்சாகமான ஆரம்பம். இலங்கையில் எழுபதுகளிலிருந்து அது அம்மாக்கள் பொலிஸ் நிலையத்துக்கும் முகாமுக்கும் அலையத் தொடங்கும் இடம். 1971 கிளர்ச்சியில் பாடசாலை மாணவர்கள் இருந்தார்கள். 1987 முதல் 1989 வரை பேராதனையும் கண்டியும் இளைஞர்களின் சடலங்களைக் கண்டன. வடக்கிலும் கிழக்கிலும் இயக்கங்களுக்குப் போனவர்களில் மீசை முளைக்காதவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே ஈழத்தமிழில் பதின்வயதினரைப் பற்றிய மிக நேர்மையான எழுத்து சாகசத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001), குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ போன்றவை வீரனாகப் போன பையனுக்குப் பசித்ததையும் அடிவாங்கியதையும் வீட்டு நினைப்பையும் சொன்னவை. பயிற்சி முகாமில் நுளம்பு கடித்த இடம், காலணி வெட்டிய புண், கூட இருந்தவன் சொன்ன ஆபாசப் பகிடி என்று உடம்போடு ஒட்டிய விபரங்களால் நிறைந்தவை. மத்தும பண்டாரவாக ஆகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்குள் இருந்த லொக்கு பண்டாரவை அவை எழுதின. ஆனால் அந்த நூல்களைப் பதினாலு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கத் தயங்குகிற வீடுகள் அதிகம்.

பிள்ளைகளின் கையில் அப்போது இருந்தவை வேறு. தமிழ்நாட்டிலிருந்து வாண்டுமாமாவின் கதைகள், 1972இல் ஆரம்பித்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, 1984 முதல் லயன் காமிக்ஸ். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கியவற்றை ஒருவர் வாங்க ஒரு வகுப்பே வாசித்தது. அவற்றின் இளம் நாயகர்கள் பெரும்பாலும் குள்ளமான பெரியவர்கள். துப்பறிவார்கள், விமானம் ஓட்டுவார்கள், பரீட்சைக்குப் படிக்கமாட்டார்கள். பின்னாளில் ஜெயமோகன் பிள்ளைகளுக்கென்று எழுதிய ‘பனிமனிதன்’, இமயத்துச் சிறுவன் ஒருவனைப் பயணத்தில் சேர்த்துக்கொண்டு பரிணாமத்தையும் பௌத்தத்தையும் சாகசத்துக்குள் கொண்டுவந்தது. யோசிக்கிற வாசகனாகப் பிள்ளையை மதித்த நாவல் அது.

தமிழ்ச் சாகச எழுத்தில் பதின்பருவத்து மனத்தை மிக நுட்பமாகப் பிடித்தவர் யார் என்று கேட்டால், விடை எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. கல்கி. ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவனைக் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் படகில் கொண்டுவருகிற பூங்குழலியைப் பாருங்கள். கிடைக்க முடியாத ஒருவன்மேல் ஆசை. அதை யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற எரிச்சல். சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொல்லி அந்நியனை மிரட்டும் விபரீதக் குறும்பு. அவள் படகை இறுக்கிப் பிடித்து ஓட்டுகிறாள். மனத்தைத்தான் பிடிக்க முடிவதில்லை. வயதைக் கல்கி எழுதாவிட்டாலும் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

திட்டம் பிழைக்கும் பெண்கள்

இப்போது இலங்கைப் பின்னணியில் ஆங்கிலத்தில் எழுதப்படும் சிறார் சாகசங்களில் பெண்பிள்ளைகள் முன்னால் நிற்கிறார்கள். கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் நிஸ்ரானா ஃபாரூக் 2020இல் எழுதிய ‘யானையைத் திருடிய சிறுமி’ செரண்டிப் என்ற கற்பனைத் தீவில் நடக்கிறது. நாயகி சாயா அரசியின் நகைகளைத் திருடுகிறாள். குற்றம் அவளுடைய தோழன் நீலின் தலையில் விழுகிறது. அவனை மீட்கப் போய், அரசனின் யானை ஆனந்தமேல் ஏறித் தப்ப வேண்டியதாகிறது. வணிகன் மகள் நூர் வேண்டா விருந்தாளியாக ஒட்டிக்கொள்கிறாள். கற்பனை நாடுதான். ஆனால் சாயாவின் அவசரம், ஒரு பிழையை மூட இன்னொரு பிழை செய்வது, பிடிக்காத ஒருத்தியோடு காட்டில் தங்க நேரும்போது வருகிற கடுப்பு எல்லாம் அந்த வயதுக்கே உரியவை. அவளுடைய திட்டங்கள் அனேகமாகப் பிழைக்கின்றன. ஷ்யாம் செல்வதுரை 2005இல் எழுதிய ‘பருவமழைக் கடலில் நீந்துதல்’ நாவலின் பதினான்கு வயது அம்ரித், 1980இன் கொழும்பில், தன் ஆசை எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்கிறான். அங்கே சாகசம் முழுதும் உள்ளே நடக்கிறது.

தமிழில் இதற்கு இணையாக வைக்க அதிகம் இல்லை. கண்டியில் தமிழ் வெளியீட்டுக்குக் குறைவில்லை. 2000ஆம் ஆண்டு ‘ஞானம்’ சஞ்சிகை இங்கிருந்துதான் தொடங்கியது. அந்தனி ஜீவா ‘கொழுந்து’ நடத்தினார். உடத்தலவின்ன மடிகேயிலிருந்து பீ. எம். புன்னியாமீனின் சிந்தனை வட்டம் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. ஆனால் பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை, பதினாறில் சாதாரண தரம் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே கிடக்கிற ஆறு வருடத்தில் பிள்ளையின் பையில் கடந்தகால வினாத்தாள் இருக்கிறது. கதைப்புத்தகம் வாங்கினால் கிளாஸ் காசில் கைவைத்ததாகக் கணக்கு. எழுதுகிறவருக்கு வாசகர் இல்லை, வாசகருக்கு நேரம் இல்லை.

இவ்வளவும் இருந்தும் கதைக்கான இடங்கள் கண் முன்னால் நிற்கின்றன. உடவத்தகெலே காடு மாளிகைக்கு மேலேயே, நூறு ஹெக்டயருக்குச் சற்றுக் கூடுதலாக விரிந்து கிடக்கிறது. ஹந்தானைத் தோட்டத்து லயமொன்றில் இருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி, பள்ளிக்கூடம் விட்டு வராத தம்பியைத் தேடி அந்தக் காட்டுக்குள் போவதாக ஒருவர் எழுதலாம். அவளுடைய முதல் எதிரி வாயிற் கவுண்டர்: நுழைவுச்சீட்டுக் காசு, பிறகு சிங்களத்தில் வருகிற கேள்வி. அவளுக்குச் சிங்களம் தெரியும். பதற்றத்தில் வராது. வெள்ளைச் சீருடை தூரத்திலிருந்தே தெரியும். அப்பாவின் பழைய போனில் சார்ஜ் கொஞ்சம், ரீலோட் அதைவிடக் கொஞ்சம். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். மழை விட்ட பாதையில் அட்டை சப்பாத்துக்குள் ஏறும். பாட்டி சொன்ன உப்பும் சவர்க்காரமும் வீட்டில். தம்பியைக் கண்டதும் அவள் கட்டிப் பிடிக்கமாட்டாள், முதலில் ஓர் அறை விடுவாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுவார்களா, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று பார்ப்பார்களா என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் காட்டிலிருந்து இறங்கி வரும் பாதை மாளிகைப் பக்கமே முடிகிறது. 1814இல் தண்டனை விதித்த அரசனும், பதினெட்டு வயதில், 1798இல், பெரியவர்களின் சூழ்ச்சிக் கணக்கில் அரியணையில் ஏற்றி வைக்கப்பட்ட கண்ணுசாமி என்ற நாயக்கர் வீட்டுப் பையன். அவன் வெட்டச் சொன்ன வாவி இன்னும் நிறைந்திருக்கிறது. தம்பி சொன்ன வசனத்தைப் பாடப்புத்தகம் வைத்திருக்கிறது. தாயைப் பிடித்திருந்த அண்ணனின் கைகளை யார் விடுவித்தார்கள், தம்பி முன்னால் போன அந்தச் சில நிமிடம் அவன் எதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது மட்டும் இன்னும் ஒரு நாவலாசிரியருக்காகக் காத்துக் கிடக்கிறது.